பசுமை மின்சாரத்தின் கசடு



மின்சாரம் பற்றிப் பேச, கோலாலம்பூரின் இந்த மஸ்ஜித் இந்தியா தெருவைவிடத் தோதான இடம் கிடைக்காது. சேலைக் கடைகளில் சரிகை மின்ன வேண்டும் என்பதற்காகவே கூரை முழுக்க விளக்கு. நகைக் கடைகளின் குளிர்சாதனம் நடைபாதைக்கும் சேர்த்து ஓடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெளிச்சம் இல்லாமல் ஜவுளி விற்ற தலைமுறை நம்மோடு இல்லை. ஆனால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, இனி எங்கிருந்து வரப்போகிறது, வரும் வழியில் யார் வாசலில் எதை இறக்கிவிட்டு வருகிறது என்பதைப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள்.

மலாயாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டதாகப் பதிவாகியிருப்பது 1894இல், இங்கிருந்து வடக்கே ரவாங்கில். லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். தம்புசாமிப் பிள்ளையை மகா மாரியம்மன் கோயிலை வைத்து எல்லோருக்கும் தெரியும். மின்னாக்கியை வைத்து யாரும் அவரை நினைப்பதில்லை. ஆறு ஆண்டு கழித்து, 1900இல், ரவூப் பக்கத்தில் செம்பாம் ஆற்றில் தங்கச் சுரங்கக் கம்பெனி ஒன்று நீர்மின் நிலையம் கட்டியது. இந்நாட்டின் முதல் மின்நிலையம் அதுதான். அதாவது, இன்று மாநாடு போட்டுப் பேசும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இந்த மண்ணுக்கு வந்து நூற்றிருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அது வந்ததே பூமியைத் தோண்டுவதற்காகத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. கிள்ளானில் இருந்து காப்பார் பக்கம் போகிறவர்களுக்கு அந்த உயர்ந்த புகைபோக்கிகள் தெரியும். ஏறத்தாழ 2,400 மெகாவாட் திறனோடு கட்டிய நிலையம் அது. 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவது அரசின் திட்டம். 2023இல் வெளியிட்ட தேசிய ஆற்றல் மாற்ற வரைவில், 2050க்குள் நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். நான் இதை வரவேற்கிறவன். இன்றைய பேச்சைக் கேட்டுவிட்டு யாராவது "அப்படியானால் நிலக்கரியே தேவலை" என்று முடிவுகட்டினால், நான் பேசியதே வீண். நிலக்கரிச் சாம்பலும் பாதரசமும் கந்தகப் புகையும் செய்யும் கேட்டுக்குப் பக்கத்தில் வேறெதையும் நிறுத்த முடியாது.

என் வழக்கு வேறு. ஒரு மின்சாரம் சுத்தமா என்பதை நாம் புகைபோக்கிக்குக் கீழே நின்று மட்டும் பார்க்கிறோம். அங்கே புகை இல்லையென்றால் 'பசுமை' என்று முத்திரை குத்திவிடுகிறோம். அணைக்குக் கீழே, ஆலைக் கழிவுக் குட்டையின் கரையில், தோட்டத்தில் மருந்தடிக்கும் நிரையில் நின்று பார்த்தால் கணக்கு மாறுகிறது. அந்த இடங்களில் யார் நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள் என்று கேட்டால், விடை பல சமயம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

செம்பனையில் இருந்து தொடங்குகிறேன். இந்தத் தெருவில் துணி மூட்டை இறக்கும் லாரியின் டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயில் இருந்து வந்தது. 2011இல் ஐந்து விழுக்காட்டில் தொடங்கி, ஏழாகி, 2019இல் பத்தாக உயர்த்தினார்கள். 2020இல் லங்காவியில் இருபது விழுக்காட்டுக் கலவையும் தொடங்கியது. ஆராய்ச்சி அதற்கும் முந்தியது. எண்பதுகளிலேயே இந்நாட்டு ஆய்வாளர்கள் செம்பனை டீசலைப் பேருந்துகளில் ஊற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உலகத்தில் 'பயோடீசல்' என்ற பேச்சு பரவுவதற்கு முன்பே நாம் செய்து பார்த்தாயிற்று.

செம்பனை இங்கே வணிகப் பயிரானது 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவை வைத்து நாவல் எழுதிப் பிற்பாடு பிரான்சின் கொன்கூர் பரிசை வாங்கியவர். நட்ட கைகள் யாருடையவை என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறிய அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உளியை வைத்துவிட்டு அரிவாளை எடுத்தவர்களின் பிள்ளைகள்தான் இங்கே பாதிப்பேர். நானும் ஒருவன். என் தந்தை செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தார்.

அந்தக் கொதிகலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பனை ஆலைக்கு வெளியில் இருந்து மின்சாரம் வேண்டியதில்லை. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும், கொட்டையை உடைத்தபின் மிஞ்சும் ஓட்டையும் எரித்து, நீராவி எடுத்து, சுழலியைச் சுற்றி, தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இன்றைய மொழியில் அதற்கு 'உயிர்ப்பொருள் ஆற்றல்' என்று பெயர், சான்றிதழ் கொடுக்கிறார்கள், அந்த ஓட்டையே கப்பலேற்றி ஜப்பானியர்கள் தங்கள் மின்நிலையங்களில் எரிக்க வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் தோட்டத்து லயத்தில் அதன் புகைக்கு இருந்த பெயர் 'கரி'. ஆலை ஓடும் நாளில் காற்று லயத்துப் பக்கம் திரும்பினால் அம்மாமார்கள் கொடியில் கிடக்கும் வெள்ளைச் சட்டைகளை ஓடிப்போய் எடுப்பார்கள். எடுக்கத் தாமதித்த சட்டையில் எள் தூவியதுபோல் கருப்புப் பொட்டு விழுந்திருக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் இழுகும். திங்கட்கிழமை பள்ளிச் சபைகூடலில் எந்தப் பிள்ளையின் வீடு ஆலைக்குப் பக்கம் என்பதைச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூச்சிரைப்பு எங்கள் லயத்தில் ஒரு நோயாகவே கருதப்படவில்லை.

புகையைவிடப் பெரிய சங்கதி தண்ணீர். ஒரு டன் செம்பனைக் குலையைப் பிழிந்தால் சுமார் 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். கூடவே ஏறத்தாழ 650 லிட்டர் கழிவுநீர் வரும். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று லிட்டருக்கு மேல் கசடு. அந்தக் கழிவு விஷமில்லை. பழச்சாறும் எண்ணெயும் நாரும்தான். ஆனால் அது மக்கும்போது தண்ணீரில் உள்ள உயிர்வளியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வீட்டுச் சாக்கடையின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்றால், ஆலையில் இருந்து சுடச்சுட வரும் கழிவுக்கு அது 25,000. எழுபதுகளில் இதை நேரே ஆற்றில் விட்டார்கள். மீன் செத்து மிதந்தது. கரையோர மலாய்க் கம்பத்துக்காரர்கள் குளிக்கவும் குடிக்கவும் அதே ஆற்றை நம்பியிருந்தார்கள்.

இங்கே அரசைப் பாராட்டியே ஆக வேண்டும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தார்கள். ஒரேயடியாக ஆலைகளை மூடாமல், ஆண்டுக்காண்டு அளவைக் குறைத்து, 5,000 மில்லிகிராமில் தொடங்கி 1984க்குள் 100க்கு இறக்கினார்கள். வளரும் நாடு ஒன்று தன் முதன்மை ஏற்றுமதித் தொழிலைக் கட்டிமேய்த்த கதைகளில் இது நல்ல கதை. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்தது.

ஆனால் ஆறு தப்பித்த இடத்தில் காற்று மாட்டிக்கொண்டது. விதியை நிறைவேற்ற ஆலைகள் கண்டுகொண்ட மலிவான வழி, குட்டை. வரிசையாகக் குட்டை வெட்டி, கழிவை மாதக்கணக்கில் தேக்கி, நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க விடுவது. அந்தக் குட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே பழுப்பாக ஓர் ஏடு படிந்திருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு அங்கங்கே குமிழி வரும், உடையும், மறுபடி ஏடு மூடும். நாங்கள் சிறுவர்களாகக் கல்லெறிந்து விளையாடிய குமிழிகள் மீத்தேன் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. அதைத் தார்ப்பாயால் மூடிப் பிடித்தால் எரித்து மின்சாரம் எடுக்கலாம். விட்டுவிட்டால் வானத்தில் கலக்கும். 2014 தொடக்கத்தில் இருந்து புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. பழைய ஆலைகளுக்கு அந்தக் கட்டாயம் வைக்கவில்லை. ஒரே எண்ணெய்தான், குட்டையை மூடிய ஆலையில் இருந்து வந்தால் ஒரு கணக்கு, திறந்த குட்டை ஆலையில் இருந்து வந்தால் இன்னொரு கணக்கு. பெட்ரோல் நிலையத்தில் இரண்டும் ஒரே குழாயில் வருகிறது.

அடுத்து நிலம். 2008இல் ஜோசப் ஃபார்ஜியோனும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தாழ்நிலக் காட்டை அழித்துச் செம்பனை நட்டு, அந்த எண்ணெயை டீசலுக்குப் பதிலாக எரித்தால், காட்டை அழித்தபோது வெளியான கரியமில வாயுவை ஈடுகட்ட 86 ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். சதுப்புக்கரி மண்ணில் நட்டால் 423 ஆண்டு. 1917இல் அப்படிச் சதுப்பில் நட்டிருந்தால் அந்தக் கடனில் இன்றைக்கும் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் அடைபட்டிருக்கும். சதுப்புக்கரி எரிந்தால் என்னவாகும் என்பது கிள்ளான்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் சுமத்ராத் தீயின் புகைமூட்டம் ஏறிக் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அந்தத் தீ எல்லாமே செம்பனைக்காக வைத்தது என்று சொல்லமாட்டேன். வடிகால் வெட்டி உலர்த்திய சதுப்பு, யார் வைத்த தீயானாலும் பிடித்துக்கொள்ளும்.

நம் தரப்புக்கும் நியாயம் உண்டு. நான் சொன்ன கணக்கு புதிதாக அழிக்கும் காட்டுக்கானது. நூறாண்டாகப் பால்மரமும் செம்பனையுமாக இருந்த சிலாங்கூர் தோட்டத்துக்கு அது பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் செம்பனை எரிபொருளை 2030க்குள் படிப்படியாக ஒதுக்க முடிவெடுத்தபோது நம் அரசு உலக வணிக அமைப்புக்குப் போனது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு நம் முதன்மை வாதங்களை ஏற்கவில்லை. ஐரோப்பா அந்த விதியைச் செயல்படுத்திய விதத்தில் மட்டும் குறை கண்டது. தங்கள் கடுகு எண்ணெய்க்கு ஒரு நீதி, நம் எண்ணெய்க்கு ஒரு நீதி என்ற கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுக்காரன் பாரபட்சம் காட்டுகிறான் என்பதால் நம் குட்டையின் மீத்தேன் குறைந்துவிடாது.

இந்த விவாதத்தில் ஐரோப்பாவும் பேசாத, நம் அமைச்சர்களும் பேசாத ஒன்று இருக்கிறது. மருந்தடிப்பு. செம்பனை நிரையில் புல்லைச் சுட்டுப்போட பராகுவாட் அடித்தார்கள். தோட்டத்தில் அதைக் 'கிராமக்சோன்' என்ற கடைப்பெயரால்தான் அறிவோம். அடித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். விடியலில் பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டு, பதினெட்டு லிட்டர் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு, கசியும் மருந்து சட்டையை நனைக்க நனைக்க நிரை நிரையாக நடப்பார்கள். நகம் கருத்து உரிந்துபோகும். மூக்கில் ரத்தம் வரும். கையுறையும் முகமூடியும் கொடுத்தாலும் அந்த வெக்கையில் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. போடாமல் நோய் வந்தால் பழி அவர்கள் மேலேயே விழும். ஐரீன் ஃபெர்னாண்டஸ் நடத்திய தெனகானித்தா அமைப்பு 2002இல் தோட்டப் பெண்களின் மருந்து நஞ்சைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பராகுவாட்டைத் தடைசெய்தது. 2006இல் தடையை எடுத்துவிட்டார்கள். மறுபடி முழுத்தடை வந்தது 2020 ஜனவரியில். தடையை எடுத்த அந்தக் காலகட்டத்தில்தான், கவனியுங்கள், 2006இல் உயிரி எரிபொருள் கொள்கையும் 2007இல் அதற்கான சட்டமும் வந்து செம்பனை 'பசுமை எரிபொருள்' ஆனது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்று அளந்தார்கள். அந்தப் பெண்களின் நுரையீரலும் தோலும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

இனி மலைக்கு வருவோம். கேமரன் மலையின் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் முடிந்தது. பெர்த்தாம் ஆறு இயல்பாகப் பகாங் பக்கம் இறங்கும் ஆறு. அதைத் தடுத்து, தெலோம் ஆற்று நீரையும் சுரங்கம் வழியாக இழுத்து வந்து சேர்த்து, மலையைக் குடைந்து பேராக் பக்கம் தள்ளி, ஜோரில் நிலத்தடி நிலையத்தில் 100 மெகாவாட் எடுத்தார்கள். அதே தண்ணீர் இன்னும் கீழிறங்கி வோவில் மறுபடி மின்சாரம் தந்தது. அந்தக் காலத்துக்கு அபாரமான பொறியியல். புகையில்லை, எரிபொருள் செலவில்லை.

ஆனால் ஆற்றை மலைக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும்? அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆற்றில் ஓட்டம் சுருங்கிவிட்டது. சுருங்கிய ஆற்றை மனிதன் மதிக்கமாட்டான். கரையில் வீடு வந்தது, தோட்டம் வந்தது, ஆற்றின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார்கள். மேலேயோ வேறொன்று நடந்தது. கேமரன் மலையின் சரிவுகளில் காடு போய்க் காய்கறித் தோட்டமும் பிளாஸ்டிக் கொட்டகையும் ஏறின. மழைக்கு மண் கரைந்து அணை தேக்கிய ஏரிக்கு வந்தது. ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர் கொள்ளக்கூடிய ரிங்லெட் ஏரியின் பாதி அளவை ஐம்பது ஆண்டுக்குள் வண்டல் பிடித்துக்கொண்டது. எண்பது ஆண்டு தாங்கும் என்று போட்ட கணக்கு, மேலே காடு இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு.

2013 அக்டோபர் 23, நள்ளிரவு கழிந்த நேரம். கனமழை. வண்டலால் இடம் குறைந்த ஏரி சட்டென்று நிரம்பியது. அணையைக் காப்பாற்ற மதகைத் திறந்தார்கள். திறக்காவிட்டால் அணையே உடைந்து இன்னும் பெரிய சாவு என்பது மின்கழகத்தின் தரப்பு. பொறியியலின்படி அது சரி. தூங்கிக்கொண்டிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் கட்டையுமாகத் தண்ணீர் புகுந்தது. குறைந்தது மூன்று உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் அடித்துக்கொண்டு போயின. அங்கே இருந்தவர்களில் நம்மவர்கள் உண்டு, சீனர்கள் உண்டு, கூலிக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் உண்டு.

அந்த இரவுக்குப் பிறகு எல்லோரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். கரையை ஆக்கிரமித்தது யார், காட்டை வெட்ட அனுமதி கொடுத்தது யார், சைரன் ஒலித்ததா இல்லையா என்று. கேமரன் மலைக் காய்கறி விவசாயிகளில் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பதால் நான் அவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. சரிவில் படி வெட்டாமல், வடிகால் போடாமல், ஓடை ஓரத்துப் புல்லைக்கூட விடாமல் உழுகிறவரின் மண்தான் ஏரிக்குப் போகிறது. இங்கே பத்து ரிங்கிட்டுக்கு ஒரு கூடைத் தக்காளி கேட்கும் நாமும் அதில் இருக்கிறோம். நீர்மின்சாரம் என்பது அணையும் சுழலியும் மட்டுமல்ல. ஏரிக்கு மேலே உள்ள காடும் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம். அதைக் கழற்றி விற்றுவிட்டு மீதியை ஓட்டப் பார்த்தார்கள்.

சரவாக்கின் பக்குன் அணை இதைவிட எத்தனையோ மடங்கு பெரிது: 2,400 மெகாவாட். 2010 அக்டோபரில் நீர் தேக்கத் தொடங்கி, சிங்கப்பூரைவிடச் சற்றுச் சிறிய பரப்பை மூழ்கடித்தது. காயான், கென்யாஹ், லஹானான், உக்கிட், பெனான் மக்கள் சுமார் 10,000 பேரை அதற்கு 12 ஆண்டு முன்பே, 1998இல், சுங்கை ஆசாப்புக்குப் பெயர்த்தார்கள். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர். சுற்றுச்சூழல் அறிக்கை முறைப்படி மக்கள் பார்வைக்கு வரவில்லை என்று மூன்று பேர் வழக்குப் போட்டு 1996இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். மறு ஆண்டே மேல்முறையீட்டில் தோற்றார்கள். தோட்டத்து லயத்தில் இருந்து வெளியேற்றப்பட்டு அடுக்குமாடிக்கு வந்த நமக்கு அந்த மூன்று ஏக்கர் கதையை விளக்க வேண்டாம்.

பக்குன் மின்சாரம் எங்கே போகிறது என்பது சுவையான சங்கதி. கடலடிக் கம்பி போட்டுத் தீபகற்பத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன திட்டம் கைவிடப்பட்டது. பிந்துலு பக்கம் சமலாஜு தொழிற்பேட்டையில் அலுமினியம் உருக்கவும் பாலிசிலிக்கான் செய்யவும் அந்த மின்சாரம் போகிறது. பாலிசிலிக்கான்தான் சூரியத் தகட்டின் மூலப்பொருள். தொக்குயாமா என்ற ஜப்பானிய நிறுவனம் கட்டிய ஆலையை 2017இல் கொரியாவின் ஓசிஐ வாங்கி நடத்துகிறது. ஆகவே உங்கள் வீட்டுக் கூரையில் மாட்டும் தகட்டுக்குள், பக்குன் அணை தேக்கிய பாலுய் ஆற்றில் மூழ்கிய கல்லறைகளும் பழமரங்களும் ஒரு பங்கு இருக்கலாம். அந்தத் தகட்டைச் செய்யச் செலவான மின்சாரத்தை நம் வெயிலில் அது ஓரிரண்டு ஆண்டிலேயே திருப்பித் தந்துவிடும் என்பதும் உண்மை. மின்சாரத்தைத் தரும், மற்றதைத் தராது.

காற்றாலைக் காந்தத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் காற்று போதாது, பெரிய காற்றாலைகள் இல்லை. ஆனால் உலகக் காற்றாலைகளுக்கும் மின்வாகனங்களுக்கும் வேண்டிய காந்தத்தைச் செய்ய உதவும் அருமண் கனிமத்தைச் சுத்திகரிக்கும் லைனாஸ் ஆலை குவாந்தான் அருகே கெபெங்கில் 2012இல் இருந்து ஓடுகிறது. தாது மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்து வருகிறது. தோரியம் கலந்த, குறைந்த கதிர்வீச்சுள்ள கசடு இங்கே தங்குகிறது. அந்த ஆண்டு நவம்பரில் மக்கள் குவாந்தானில் இருந்து சுமார் 300 கிலோமீட்டர் நடந்தே மெர்டேக்கா சதுக்கத்துக்கு வந்தார்கள். இங்கிருந்து பத்து நிமிட நடை. நம் தெருவில் இருந்தும் பலர் போய்ப் பார்த்தோம். அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் எண்பதுகளில் ஓடிய அருமண் ஆலையையும் அங்கே ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளையும் இந்நாடு பார்த்திருக்கிறது. 1994இல் அந்த ஆலை மூடப்பட்டது. துப்புரவுக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் ஆனது. ஆலையைக் கட்டியதைவிடச் சுத்தம் செய்வது பெரிய வேலையாகப் போனது. லைனாஸும் புக்கிட் மேராவும் ஒன்றல்ல. தாதுவும் வேறு, மேற்பார்வையும் வேறு. கசட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் இரண்டுக்கும் பொது. அந்தக் காந்தம் சுழலும் ஐரோப்பியக் கடற்கரையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

காற்று நன்றாக வீசும் தமிழ் மண்ணிலும் இதே கேள்வி வந்துவிட்டது. இலங்கையின் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட், 'தம்பபவனி' என்ற பெயரில் நிற்கின்றன. வடக்கில் இருந்து வலசை வரும் பறவைகளின் பாதை அது. அடுத்த கட்டமாக மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் அமைக்கவிருந்த அதானி நிறுவனம், வழக்குகளுக்கும் விலைத் தகராறுக்கும் இடையே 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதன் பிறகும் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் பேசியது பறவை மட்டுமல்ல. சாலையும் அடித்தளமும் போட்டதில் மழைநீர் வடியும் வழி அடைபட்டது, கரைவலை இழுக்கும் இடம் போனது என்றார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு அது 'வளர்ச்சிக்கு எதிர்ப்பு'. பெர்த்தாம் பள்ளத்தாக்கைப் பார்த்த எனக்கு வடிகால் என்ற சொல் காதில் விழுந்தவுடன் மற்றதெல்லாம் புரிந்துவிட்டது.

இப்போது நம் வாசலுக்கு வரும் விஷயம். சூரிய மின்சாரத்துக்குத்தான் இந்நாட்டில் எதிர்காலம். ஒரு மெகாவாட்டுக்கு ஒன்று, ஒன்றரை ஹெக்டர் நிலம் வேண்டும். அவ்வளவு தட்டையான, சாலையும் மின்கம்பியும் பக்கத்தில் உள்ள நிலம் யாரிடம் இருக்கிறது? தோட்ட நிறுவனங்களிடம். பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்ட பழைய சைம் டார்பி தோட்ட நிறுவனம், சூரியப் பண்ணைகளுக்கு நிலம் ஒதுக்குவதைத் தன் புதுத் தொழிலாகவே அறிவித்திருக்கிறது. காட்டை அழிப்பதைவிடப் பழைய செம்பனை நிலத்தில் தகடு போடுவது நல்லது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்த நிலத்தில் இன்னும் லயங்கள் இருக்கலாம், கோயில் இருக்கலாம், தமிழ்ப்பள்ளி இருக்கலாம், சுடுகாடு இருக்கலாம். முன்பு வீடமைப்புக்காகத் தோட்டத்தை விற்றபோது நீதிமன்றப் படியேறிப் போராடியவர்களுக்கு 'பசுமைத் திட்டம்' என்ற பெயரின் எதிரே நிற்பது இன்னும் கடினம். பூமியைக் காப்பாற்றுவதை எதிர்க்கிறாயா என்று கேட்பார்கள். திட்டம் வருவதற்கு முன்பு, குத்தகை எழுதுவதற்கு முன்பு, லயத்தில் இருப்பவர்களைத் தமிழில் உட்காரவைத்துப் பேசு என்று இப்போதே கேட்க வேண்டும். நம் வழக்கறிஞர் பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படும் நாட்களை அவர்கள் கணக்கு வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, தகட்டின் சாவு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் வந்து, கூரை மின்சாரத்தைக் கொள்முதல் செய்யும் முறை 2011 டிசம்பரில் தொடங்கியது. அன்று ஏறிய முதல் தகடுகளுக்கு 2030களின் பிற்பாதியில் வயது முடியும். கண்ணாடியும் அலுமினியமும் போக, உள்ளே ஈயப் பற்றாசும் கொஞ்சம் வெள்ளியும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2012லேயே, தகட்டை விற்றவரே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டது. இங்கே கிள்ளான் துறைமுகத்தில் வெளிநாட்டு மின்னணுக் கழிவுக் கொள்கலன்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. நம் சொந்தக் கழிவும் அந்த வரிசையில் சேரும் நாள் அதிகத் தூரத்தில் இல்லை. தகடு விற்கும்போதே அதைக் கழற்றி அழிக்கும் செலவையும் வாங்கி வைத்துக்கொள்ளும் விதி வேண்டும். புக்கிட் மேராவில் பிற்பாடு கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கை முன்கூட்டியே வாங்கியிருக்கலாம். அந்த விதி வந்தால் தகட்டை விற்றவர் எடுத்துச் செல்வார். வராவிட்டால் ஜாலான் காப்பார் ஓரத்துப் பழைய இரும்புக் கடைக்காரர் லாரியோடு வருவார். அலுமினியச் சட்டத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியை எங்கே கொட்டுவது என்று கேட்பார்.